பயனரை அழிக்க வேண்டாம் என்று எழுதிய காரணம்

ஜெசிந்தா என்ற பெண் என் மேசைக்கு வந்து, “சேர், கொம்பியூட்டரிலை ஏதும் பிழை இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோவன்” என்று கேட்டாள். பார்த்தேன். பிழை இருந்தது. அதை உண்டாக்கியவன் நான். ஒருவருக்கும் தெரியாமல் திருத்தினேன். பிறகு அவளிடம் போய், “பாத்திட்டன் பிள்ளை, அதிலை ஒண்டுமில்லை” என்று சொன்னேன். நாலாம் நாள் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

பதினொரு வருடம் இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு.

நான் வேலை செய்த நிலையத்தின் கணினிகளை இப்போது பார்ப்பவர் கௌசிகன். லினக்ஸ் கணினியில் ஒரு நிரலை, அதற்கு வேண்டிய கோப்புகளோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி நிறுவுவோம். அந்தக் கட்டுக்குப் பொதி என்று பெயர். ஒவ்வொரு நிரலுக்கும் தனியாக ஒரு பயனர் வேண்டும். அந்தப் பயனரை உண்டாக்கும் கட்டளைகளை எங்கள் காலத்தில் பொதிக்குள் நாங்களே எழுதி வைப்போம். இப்போது ஒரு சிறிய கோப்பில் பெயரை அறிவித்தால் போதும், மிச்சத்தை முறைமையே பார்த்துக்கொள்கிறது. ஆகவே கௌசிகன் என் பழைய கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்திருக்கிறார். இடையில் ஒரு நாள் அழைத்தார்.

“சேர், நீங்கள் கட்டின எல்லாப் பொதியிலையும் கடைசியிலை ஒரு வரி கிடக்கு. ‘பயனரை அழிக்க வேண்டாம்’ எண்டு. ஏனெண்டு ஓரிடத்திலையும் எழுதேல்லை.”

“எழுதேல்லைத்தான்.”

“எடுத்துவிடட்டோ?”

“எடுக்க வேண்டாம், தம்பி.”

“அப்ப காரணத்தைச் சொல்லுங்கோ. பக்கத்திலை போட்டுவிடுறன். எனக்குப் பிறகு வாறவனும் கேப்பான் எல்லோ.”

எழுதித் தருகிறேன் என்றேன். ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லை.

நான் கணிதம் படித்தவன். சில வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். பிறகு கணினி வந்தது, அதற்கு மாறினேன். நாற்பது கடந்த பிறகு இந்த நிலையத்தில் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. மனதில் பாரம் உள்ளவர்கள் வந்து பேசிவிட்டுப் போகும் இடம். நல்லூர்ப் பக்கம் ஒரு மாடிவீட்டில் தலைமை அலுவலகம். சாவகச்சேரியிலும் வல்வெட்டித்துறையிலும் கிளைகள். வந்தவர்கள் சொன்னதை ஆலோசகர்கள் கையால் எழுதுவார்கள். அதைக் கணினியில் தட்டச்சு செய்து ஏற்றும் வேலை ஜெசிந்தாவுடையது. அவள் குருநகர்ப் பெண். காலையில் சைக்கிளில் வருவாள். தட்டச்சில் அவளுக்குப் பிழை வராது. ஆலோசகர்களின் கையெழுத்து விளங்காவிட்டால் ஊகித்து அடிக்க மாட்டாள், எழுந்துபோய்க் கேட்பாள்.

என் மேலதிகாரி யோகராணி. என்னிலும் பன்னிரண்டு வயது இளையவர். நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னைச் சேர் என்பார். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் எழுதிய கட்டளைகளை அச்செடுத்து, யன்னலடியில் நின்று, நொத்தாரிசு காணி உறுதி வாசிப்பதுபோல் ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசிப்பார். ஏதாவது ஒரு கோப்பின் பெயர் வந்தால் நிறுத்திவிட்டு, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பார்:

“இது ஆற்றை?”

யாருடையது என்ற அந்தக் கேள்விக்கு நான் இரண்டு விடை சொல்ல வேண்டும். உரிமையாளர் யார், குழு எது. லினக்ஸில் எந்தக் கோப்புக்கும் இந்த இரண்டும் உண்டு. உரிமையாளர் என்ன செய்யலாம், குழுவில் உள்ளவர் என்ன செய்யலாம், மற்றவர் என்ன செய்யலாம் என்று மூன்று வரம்புகள். உரிமையாளர் மனிதராக இருக்க வேண்டியதில்லை. நிரலுக்கென்று ஒரு பயனரை உண்டாக்கி, அந்தப் பெயரில் அதை ஓடவிட்டால், அது தன்னுடைய கோப்புகளைத் தவிர வேறெதிலும் கைவைக்க முடியாது.

யோகராணி மிஸ்ஸின் விதிகள் கொஞ்சம்தான். நிரலின் சொந்தக் கோப்புகள் எல்லாம் கணினி முழுவதையும் ஆளும் முதன்மைப் பயனருக்கே உரியவை. நிரல் எழுத வேண்டிய இடம் மட்டும் நிரலின் பயனருக்கு. வாசித்தால் போதும் என்றால் குழு வழியாக வாசிக்கக் கொடு, சொந்தமாக்காதே. பொதியின் கோப்புகள் விரியும் முன்பே பயனரும் குழுவும் கணினியில் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியை நான் சாவகச்சேரியில் கற்றேன். அங்கே ஒரு பொதியை நிறுவியபோது பயனரை உண்டாக்கும் கட்டளை இருந்தது, குழுவை உண்டாக்கும் கட்டளையை விட்டுவிட்டேன். அப்படி ஒரு குழு இல்லாவிட்டால் கணினி நிறுத்தாது, சண்டையும் பிடிக்காது. ‘அந்தக் குழு இல்லை, முதன்மைக் குழுவுக்குக் கொடுக்கிறேன்’ என்று ஒரே ஒரு எச்சரிக்கை வரியைக் காட்டிவிட்டுத் தன்பாட்டில் போய்விடும். நான் அந்த வரியைப் பார்க்கவில்லை. நல்லூருக்குத் திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கும்போது அழைப்பு வந்தது. நிரல் ஓடவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனேன். அங்கே இருந்த காரியதரிசி, “என்ன சேர், எங்கடை தேத்தண்ணி நல்லாயிருந்ததோ?” என்று கேட்டார்.

யோகராணி மிஸ் ஒரு கொப்பி வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் யாருடைய காணி எது என்று பதிந்த பழைய ஏட்டைத் தோம்பு என்பார்கள். அவரும் அந்தக் கொப்பியைத் தோம்பு என்றே சொல்வார். ஒவ்வொரு கணினியிலும் எந்தப் பயனருக்கு எந்த இலக்கம் என்று அதில் எழுதியிருக்கும். இலக்கம் ஏன் என்றால், கணினி கோப்பின் மேல் உரிமையாளரின் பெயரைக் குறிப்பதில்லை. இலக்கத்தை மட்டும் குறிக்கிறது. அந்த இலக்கம் யாருடையது என்பது வேறோர் இடத்தில், ஒரு பட்டியலில் இருக்கிறது. திரையில் நாம் காணும் பெயர் அந்தப் பட்டியலைப் பார்த்து அப்போதைக்கப்போது எழுதப்படுவது.

ஒரு நாள் நான் கொண்டுபோன தாளில், பொதியைக் கழற்றும்போது ஓடும் கட்டளைகளின் கடைசியில் ஒரு வரி இருந்தது. பயனரை அழிக்கும் வரி. அவர் வாசித்து வந்து அதில் நின்றார்.

“இதை எடுங்கோ, சேர்.”

“நிரலே இல்லை எண்டாப் பிறகு அதின்ரை பயனர் என்னத்துக்கு, மிஸ்? சும்மா குப்பையெல்லோ.”

“நிரல் போகும். அது எழுதின கோப்புகள் போகுமோ?”

“அது எங்கையாவது கிடக்கும்.”

“கிடக்கிறது ஆற்றை?”

அவர் தாளை மடித்துத் தந்தார். “இலக்கம் வெறுமையாக் கிடந்தா அடுத்து வாறவனுக்கு அதைக் குடுக்கும். பெயர் இருந்துபோட்டுப் போகட்டும், ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லை.”

அந்த வரியை எடுத்தேன். ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு ஒழுங்கு பிடிக்கும். ஆளில்லாத பெயர்கள் பட்டியலில் நீண்டுகொண்டு போவது கண்ணை உறுத்தியது. இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும்: என்னிலும் இளையவர், அதுவும் ஒரு பெண், என் தாளை மடித்துத் தந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வருடம் அவர் பிரசவ விடுப்பில் போனார். கணினிகள் என் பொறுப்பில் வந்தன. முதல் கிழமையே அந்த வரியைத் திரும்பச் சேர்த்தேன்.

அந்த நாட்களில் தலைமை அலுவலகக் கணினியில் இரண்டு நிரல்களை ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. ஒன்று, ஜெசிந்தா தட்டச்சு செய்யும் குறிப்புகளை வைத்திருக்கும் நிரல். அதன் புதிய பதிப்பு வர இருந்தது. மற்றது புதிதாக வரும் தேடல் நிரல். வந்து காத்திருப்பவர்கள் நிலையத்தின் துண்டுப் பிரசுரங்களைத் தேடிப் படிக்கட்டும் என்று வரவேற்பறையில் ஒரு கணினி வைத்திருந்தோம். ஒரு சொல்லை அடித்தால் அந்தச் சொல் வரும் வரிகளை அது காட்டும். அதற்காகத் தேடல் நிரல், தன்னால் வாசிக்க முடிந்த எல்லாக் கோப்புகளையும் முன்கூட்டியே வாசித்து அட்டவணைப்படுத்தி வைத்திருக்கும். தன்னால் வாசிக்க முடிந்த கோப்புகளை மட்டும். குறிப்புகள் வேறொரு பயனருக்கு உரியவை, உரிமையாளரைத் தவிர வேறெவரும் திறக்க முடியாதவை. ஆகவே ஒரே வன்தட்டில் பிரசுரங்களும் குறிப்புகளும் கிடந்தாலும் பயமில்லை.

குறிப்பு நிரலின் பழைய பதிப்பின் மேலேயே புதியதை ஏற்றியிருக்கலாம். நான் பழையதை முழுதாகக் கழற்றிவிட்டுப் புதிதாக நிறுவ நினைத்தேன். அதுதான் சுத்தம் என்று பட்டது. காலையில் கழற்றினேன். என் வரி ஓடியது, பயனர் அழிந்தார். அவருடைய இலக்கம் 987. புதிய பதிப்பு மெதுவான இணைப்பில் இறங்கிக்கொண்டிருந்தது. காத்திருக்கும் நேரத்தில் தேடல் நிரலை நிறுவிவிடுவோம் என்று நிறுவினேன். அதற்கொரு பயனர் வேண்டும். கணினி வெறுமையாய்க் கிடந்த இலக்கத்தைக் கொடுத்தது. பின்னேரம் குறிப்பு நிரலை நிறுவினேன். அதன் பயனர் திரும்ப உண்டானார், ஆனால் வேறொரு இலக்கத்தோடு. தன் கோப்புறையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் கட்டளை பொதியிலே இருந்தது, அது ஓடியது. பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. தோம்பில் எழுதவில்லை. நாளைக்கு எழுதலாம் என்று விட்டேன்.

நான் பார்க்காத இடம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு நாளும் குறிப்புகளுக்கு ஒரு பிரதி எடுத்து வேறு கோப்புறையில் வைப்போம். அந்தப் பழைய பிரதிகளின் மேல் 987 என்ற இலக்கம் அப்படியே இருந்தது. 987 இப்போது தேடல் நிரல்.

மூன்று கிழமை போயிருக்கும். ஒரு காலையில் ஒரு தாய் நிலையத்துக்கு வந்தார். நேரே இயக்குநரின் அறைக்குள் போனார். கதவு திறந்தபடியே இருந்தது.

“என்ரை பிள்ளை உங்கை வந்து அழுது சொன்ன சொல், சம்பந்தம் பேசின வீட்டுக்காரர் சொல்லுகினம். சொல்லுக்குச் சொல். ‘நித்திரைக்குப் போனா எழும்பக்கூடாது எண்டு நினைச்சுக்கொண்டு படுக்கிறன்’ எண்டு சொன்னவளாம். எனக்கே தெரியாது ஐயா, என்ரை பிள்ளை அப்பிடிச் சொன்னது. எனக்கு அவையள் சொல்லித்தான் தெரியும்.”

சம்பந்தம் முறிந்துவிட்டது. இயக்குநர் நேர்மையானவர், ஓய்வு பெற்ற அதிகாரி. ஆலோசகரைக் கூப்பிட்டார், குறிப்பை எடுத்துப் பார்த்தார். அந்த வசனம் அப்படியே இருந்தது. பிறகு அந்த அறையில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். எங்கள் ஊரில் ஒரு இரகசியம் வெளியே வந்தால் யாருடைய வாய் என்றுதான் கேட்பார்கள். வேறெதையும் நினைக்க எங்களுக்குப் பழக்கமில்லை. அந்த வசனத்தைக் கேட்டவர் ஆலோசகர், தட்டச்சு செய்தவள் ஜெசிந்தா. ஆலோசகர் நல்லூரில் பெயர் பெற்ற குடும்பம். ஜெசிந்தா கடற்றொழிலாளர் வாழும் குருநகர். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. “உவள் பிள்ளை அங்கை போய்க் கதைச்சிருப்பாள்” என்று மட்டும் கணக்காளர் சொன்னார். ‘அங்கை’ என்பதில் எல்லாம் அடங்கியிருந்தது.

மத்தியானம் ஜெசிந்தா என் மேசைக்கு வந்தாள். அழுதிருந்தாள் என்று நினைக்கிறேன், முகம் கழுவியிருந்தது.

“சேர், வாயாலை போற கதை சொல்லுக்குச் சொல் போகுமோ? ஆரும் ஒரு சொல்லைக் கூட்டுவினம், ஒரு சொல்லைக் குறைப்பினம். இது எழுத்திலை பாத்த மாதிரியெல்லோ கிடக்கு. கொம்பியூட்டரிலை ஏதும் பிழை இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோவன்.”

கணிதம் படித்த எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. தட்டச்சு செய்யும் அவளுக்குத் தோன்றியிருந்தது.

அவள் போன பிறகு பழைய பிரதிகளின் கோப்புறையைப் பட்டியலிட்டேன். உரிமையாளரின் பெயர் வரும் இடத்தில் தேடல், தேடல், தேடல் என்று மேலிருந்து கீழே ஒரே பெயர். பெயரை விட்டுவிட்டு இலக்கத்தைக் காட்டச் சொன்னேன். 987. வரவேற்பறைக் கணினிக்குப் போய், சம்பந்தம் முறிந்த பிள்ளையின் குடும்பப் பெயரை அடித்தேன். வரி வந்தது. அந்தக் கதிரையில் யாரோ ஒருவர் தன் முறை வரும் வரை காத்திருந்த நேரம், தெரிந்த பெயர் ஒன்றைச் சும்மா அடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

திருத்துவதற்குக் கால்மணி நேரம் போதுமாக இருந்தது. பிரதிகளின் உரிமையை மாற்றினேன். தேடல் நிரலின் அட்டவணையை அழித்துத் திரும்பக் கட்டினேன். பெயரை மறுபடி அடித்தேன், ஒன்றும் வரவில்லை. அப்போது மணி மூன்று. இயக்குநரின் கதவு திறந்திருந்தது. அவருடைய மேசைக்கும் என் மேசைக்கும் இடையில் பதினைந்து அடி இருக்கும்.

நான் போகவில்லை. என்ன நினைத்தேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யோகராணி மிஸ் திரும்பி வந்து, அந்த வரியை வாசிப்பார் என்று நினைத்தேன். ஒரு பிள்ளையின் சம்பந்தம் முறிந்ததும், இன்னொரு பிள்ளையின் வேலை போக இருப்பதும் எனக்கு அடுத்தபடியாகத்தான் வந்தன. ஜெசிந்தாவின் மேசைக்குப் போய், ஒன்றுமில்லை என்று சொன்னேன். அவள் “ஓம் சேர்” என்று சொல்லிவிட்டுத் தட்டச்சுக்குத் திரும்பினாள். மறுநாள் இயக்குநர் கேட்டபோதும் அதையே சொன்னேன். “கணினி சரியாக இருக்கு, ஐயா.” அந்த நேரத்தில் அது உண்மை. அப்படி ஒரு சாக்குப்போக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

நாலாம் நாள் ஜெசிந்தாவை நிறுத்தினார்கள். கடிதத்தில் காரணம் எழுதவில்லை. நல்ல மனதோடு எழுதாமல் விட்டார்கள். ஆனால் காரணம் எழுதாத கடிதத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் காரணத்தை விசாரித்தார்கள். பிறகு அவளுக்கு எந்த அலுவலகத்திலும் வேலை கிடைக்கவில்லை.

யோகராணி மிஸ் விடுப்பு முடிந்து வந்தார். முதல் நாளே கொப்பியையும் கணினியையும் ஒப்பிட்டார்.

“987 எப்பிடித் தேடலுக்குப் போனது, சேர்?”

“மாறிப்போச்சு, மிஸ். இப்ப சரிப்படுத்திப்போட்டன்.”

அவர் பொதியின் தாளை எடுத்துக் கடைசி வரி வரை வாசித்தார். இந்த முறை சத்தமாக வாசிக்கவில்லை. தாளை வைத்துவிட்டு, “ஜெசிந்தா எங்கை?” என்று கேட்டார்.

“வேலையாலை நிண்டிட்டா.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கொப்பியைப் பார்த்தேன். “எல்லாப் பொதியிலையும் அந்த வரியை எடுத்துப்போட்டு, அழிக்க வேண்டாம் எண்டு எழுதிவிடுங்கோ” என்றார். எழுதினேன். காரணத்தை எழுதச் சொல்லவில்லை; நானும் எழுதவில்லை. அவருக்கு எவ்வளவு விளங்கியது என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். கௌசிகன் கேட்ட வரி இதுதான்.

கௌசிகனின் அழைப்புக்குப் பிறகு முதலில் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை முழுதாக எழுதி, ஜெசிந்தாவின் பெயரில் குற்றமில்லை என்று எழுத்தில் கொடுக்கும்படி கேட்டேன். அந்த இயக்குநர் இப்போது உயிரோடு இல்லை. அந்தக் காலத்துக் கோப்புகள் பேணப்படவில்லை என்றும், என் நேர்மைக்கு நன்றி என்றும் இரண்டு வரியில் பதில் வந்தது. சம்பந்தம் முறிந்த பிள்ளையைத் தேடவில்லை. அவள் சொன்னதை அறிந்தவன் நான் என்று அவள் முன்னால் போய் நிற்பது, அதை இன்னொரு முறை வெளியே எடுப்பதாக இருக்கும்.

பிறகு குருநகருக்குப் போனேன். ஜெசிந்தா கோயிலுக்குப் பின் ஒழுங்கையில் இருக்கிறாள். வீட்டில் பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கிறாள்.

“ஆர்… சேரோ? என்ன இந்தப் பக்கம்? கழிசான் தைக்கவோ?”

“இல்லைப் பிள்ளை. ஒரு விசயம் சொல்ல வேணும்.”

“வயசான ஆக்கள் இப்பிடி வந்து நிண்டா ஒண்டில் கலியாணக் காட், இல்லாட்டி வருத்தம். என்ன வருத்தம் சேர்?”

சொன்னேன். இலக்கத்தைப் பற்றி அவளுக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் தையலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அப்ப நான் கேக்க முந்தி உங்களுக்குத் தெரியாது.”

“தெரியாது.”

“நான் கேட்டாப் பிறகு தெரியும்.”

“ஓம்.”

“நான் கேட்டதாலைதான் தெரியும்.”

“ஓம், பிள்ளை.”

கொஞ்ச நேரம் ஊசியில் நூல் கோத்தாள். கோத்து முடித்துவிட்டு, “மன்னிப்புக் கேக்க வந்தனீங்களோ?” என்றாள்.

“ஓம்.”

“அதைப் பேந்து பாப்பம். இப்ப செருப்பைப் போடுங்கோ. அக்காவிட்டைப் போவம்.”

அக்கா பிலோமினாவின் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. நடந்துபோகும்போதுதான் சொன்னாள். அந்தக் குறிப்பைத் தட்டச்சு செய்த நாள் அவள் வீட்டுக்கு வந்து அக்காவிடம், “இண்டைக்கு ஒரு பிள்ளையின்ரை கதையை அடிக்கேக்கை அழுதிட்டன்” என்று சொல்லியிருக்கிறாள். பெயர் சொல்லவில்லை. அந்த வசனத்தை மட்டும் சொல்லியிருக்கிறாள். ஆனால் கணினியில் ஒன்றுமில்லை என்று நான் சொன்ன பிறகு, அவளுக்கு மிச்சமிருந்த ஒரே வாய் அக்காவின் வாய்தான். அந்தப் பிள்ளை யாரென்று அக்கா எப்படியோ கண்டுபிடித்து, எங்கேயோ சொல்லிவிட்டாள் என்று ஜெசிந்தா முடிவு செய்தாள். அன்றிலிருந்து பேசவில்லை. பூசைக்குப் போனாலும் மற்றப் பக்கத்து வாங்கில் இருப்பாள். தாய் செத்த வீட்டிலும் பேசவில்லை.

பிலோமினா விறாந்தையில் இருந்து வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். தங்கச்சி படலைக்குள் வந்ததைக் கண்டதும் கை நின்றது. எங்களை இருக்கச் சொல்லவில்லை. நான் நின்றபடியே ஆரம்பித்தேன். பயனர், இலக்கம், கோப்பு என்று சொல்லச் சொல்ல அவருடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வலையின் மிதப்புகளில் வள்ளத்தின் இலக்கம் வெள்ளை வர்ணத்தில் எழுதியிருந்தது. அதில் ஒன்றைக் காட்டி, இந்த வள்ளத்தின் பதிவை அழித்துவிட்டு இதே இலக்கத்தை இன்னொருவருக்குக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று கேட்டேன்.

“கடலிலை கிடக்கிற எங்கடை வலையெல்லாம் அவன்ரை எண்டாகும்” என்றார். “அப்பிடி ஆரும் குடுப்பினமோ? விசரன் செய்யிற வேலை.”

“நான் செய்தனான்.”

மிச்சத்தைச் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, “சரி. இதை எனக்கு என்னத்துக்கு வந்து சொல்லுறீங்கள்?” என்றார். நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் படலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிலோமினா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த நண்டைக் கூடைக்குள் போட்டார்.

“பொறு. நான் சொன்னனெண்டோ? நான் சொன்னனெண்டு நினைச்சோ நீ என்னோடை கதைக்காமல் விட்டனி?” என்றார். “உன்ரை கலியாணத்துக்கு நான் மறுத்துச் சொன்னது உனக்குக் கோவமாக்கும் எண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டு கிடக்கிறன்.”

பிலோமினா எழுந்து உள்ளே போய்விட்டார். வலை அப்படியே கிடந்தது. தான் சந்தேகிக்கப்பட்டது அதுவரை அவருக்குத் தெரியாது. அதையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“நீங்கள் போங்கோ, சேர்” என்றாள் ஜெசிந்தா.

இரண்டு கிழமையால் அவளே அழைத்தாள். “ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாங்கோ. அக்கா உங்களை வரட்டாம்.”

“உம்மோடை கதைச்சவவோ?”

“இல்லை. மகளிட்டைச் சொல்லிவிட்டவ. அத்தானுக்கு விளங்கேல்லையாம். நீங்கள் வந்து சொல்ல வேணுமாம்.”

போனேன். பிலோமினாவின் கணவருக்குச் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவர்களுடைய பெரியப்பாவுக்கு. அதற்கடுத்தது, ஜெசிந்தாவை அந்த நாளில் ‘வாய் உள்ள பெட்டை’ என்று ஒழுங்கை முழுதும் சொல்லித் திரிந்த ஒரு சின்னம்மாவுக்கு. ஒவ்வொரு முறையும் பிலோமினாதான் ஆளைக் கூப்பிட்டு வைத்திருப்பார். அவர் ஒரு பக்கம் இருப்பார், ஜெசிந்தா மற்றப் பக்கம் இருப்பாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்துத்தான் பேசுவார்கள். இலக்கத்தின் கதையை எல்லோரும் மிதப்பைப் பார்த்து உடனே விளங்கிக்கொண்டார்கள். எல்லோரும் பிறகு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “அப்ப அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?” பயந்தேன் என்பேன். அவர்கள் அதை ஏற்றதாகவும் தெரியவில்லை, மறுத்ததாகவும் தெரியவில்லை. மூன்றாம் ஞாயிறு யாரோ எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார்கள்.

போன ஞாயிறு வந்திருந்தவர்கள் ஜெசிந்தாவின் மாமனாரும் மாமியும். அந்த விறாந்தையில் ஐந்தாம் முறை சொல்லுகிறேன், வாய்க்குப் பழகிவிட்டது. 987 கண்டேன், திருத்தினேன், நாலாம் நாள் இவளை நிறுத்தினார்கள் என்று போய்க்கொண்டிருந்தேன். பிலோமினா கையை உயர்த்தினார்.

“ஒண்டு விட்டிட்டீங்கள்.”

“அவர் சொல்லுவர், அக்கா. பொறு” என்றாள் ஜெசிந்தா.

“நீ பொறு. விட்டுப்போட்டுப் போறார், எனக்குத் தெரியாதோ.”

“வயசான மனிசன், மறந்திருப்பர்.”

“மறக்கிற விசயமோடி அது?”

மாமி ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அக்காவும் தங்கச்சியும் நேருக்கு நேர் கதைப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். விறாந்தையில் எல்லோரும் காத்திருந்தார்கள். நான் திரும்பப் பின்னால் போய், விட்ட இடத்தைச் சொன்னேன்.

“இவ என்னட்டை வந்து பாக்கச் சொல்லிக் கேட்டவ. நான் பாத்துப்போட்டு வந்து, ‘பாத்திட்டன் பிள்ளை, அதிலை ஒண்டுமில்லை’ எண்டு சொன்னனான்.”